வெட்டுமேசைக்கு அடியில்

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. புதுத் துணி தைப்பதில்லை. இருப்பதைச் சரிசெய்து கொடுப்பதுதான் வேலை. காற்சட்டையின் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது. முன்னறைதான் கடை. சன்னலோரம் தையல் இயந்திரம், நடுவில் துணி வெட்டும் நீள மேசை, அதைத் தாண்டினால் சமையலறையும் ஒரு படுக்கையறையும். தனியாகத்தான் இருந்தாள். அதில் ஒரு குறையும் அவளுக்கு இருந்ததில்லை, அந்த மத்தியானம் வரைக்கும்.

அன்று நூல் வாங்கப் போய்விட்டுத் திரும்பினாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பூட்ட மறந்த தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு உள்ளே போய், மேசைமேல் நூல்கண்டுகளை வைத்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் வாயைப் பொத்தியது. இன்னொரு கை தோளைப் பிடித்து மேசையோடு சேர்த்து அழுத்தியது. "கத்தாத" என்று ஒரே ஒரு வார்த்தை, காதோரத்தில், அதட்டல்கூட இல்லாமல். பிறகு கைகள் விலகின. காலடிச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. அவனோடு சேர்ந்து அவளுடைய போனும் இஸ்திரிப் பெட்டியும் போயின. வேறொன்றும் போகவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தவும் இல்லை. துணி வாங்க யாரோ வந்து கூப்பிடும்வரை மேசையைப் பார்த்தபடியே நின்றிருந்தாள்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி ஓடிவந்து புதுப் பூட்டு மாட்டி, தன் பழைய போனையும் அவளிடம் கொடுத்து, ஒரு சாவியைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டான். இஸ்திரிப் பெட்டியோடு போச்சே, நல்ல வேளை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் ஆமாம், நல்ல வேளை என்றாள். தள்ளிவிட்டு ஓடினான் என்று மட்டும்தான் போலீஸிடமும் தம்பியிடமும் சொல்லியிருந்தாள். அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அதன்பின் அவளால் எதற்கும் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. தையல் இயந்திரத்தை இழுத்துச் சுவரை ஒட்டிப் போட்டாள். வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து விழுந்து தையல் கோணிக்கொண்டு போனது. குளியலறைக் கதவைத் திறந்து வைத்துத்தான் குளித்தாள். வெளியே போவதே நின்றுபோனது. நூல், ஊசி, பொத்தான் எல்லாவற்றையும் துணி கொடுக்க வருபவர்களே வாங்கிவரும்படி ஆயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று தம்பி வற்புறுத்தினான். நல்ல மனசோடுதான் கூப்பிட்டான். ஆனால் அங்கே அவளுக்குக் கிடைக்கப்போவது பிள்ளைகளின் அறையில் ஒரு மடக்குக் கட்டிலும், யார் எப்போது கூப்பிட்டாலும் எழுந்து போகும் ஒரு வாழ்க்கையும். அதனால்தான் ஒருநாள் காலையில், தம்பியிடம் சொல்லாமல், வாடகைக் கார் பிடித்து நாய்க் காப்பகத்துக்குப் போனாள்.

ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அது. தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கம்பிவலைக் கூண்டுகள். குரைப்பு முழுக்கக் கூரையில் மோதித் தலையிலேயே திரும்ப விழுந்தது. தரையெல்லாம் பினாயில் வாடை. கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணை அங்கே எல்லோரும் வாளியம்மா என்றார்கள். கையில் வாளியில்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை போலும். இருப்பதிலேயே சத்தமாகக் குரைக்கிற நாய் எது என்று தையலக்கா கேட்டாள். வாளியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கடைசிக் கூண்டுக்குக் கூட்டிப்போனாள்.

பழுப்பு நிறம், ஒரு காது பாதிதான் இருந்தது. அவர்களைப் பார்த்ததும் வலையில் வந்து விழுந்தது. தொண்டை கட்டிப்போன குரலில் குரைத்தது. பிறகு கூண்டுக்குள் தன்னைத்தானே சுற்றத் தொடங்கியது. சுற்றி, வலையில் மோதி, மறுபடி சுற்றி. முன்னங்கால் ஒன்றில் மயிரே இல்லை. நக்கி நக்கித் தோல் சிவந்து ஈரமாகக் கிடந்தது. சந்தைக்குப் பின்னால் பிடித்துவந்த தெருநாய் என்றும், வாங்கிப்போன இரண்டு வீட்டிலிருந்தும் திரும்பி வந்துவிட்டது என்றும் வாளியம்மா சொன்னாள். பேர் சுத்தி. சுத்திக்கிட்டே இருக்கிறதால் வந்த பேர்.

"அது கோவத்துல குரைக்கலக்கா, பயத்துல குரைக்குது. இங்க இருக்க இருக்க மோசமாயிட்டே போகுது, சோறு இறங்க மாட்டேங்குது. அமைதியான ஒரு வீடு கிடைக்கலன்னா இது தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா காவலுக்கு இது ஆகாது. பொய் சொல்லி உங்க தலையில கட்ட எனக்கு மனசில்ல."

"திருடனுக்கு அது தெரியவா போகுது?" என்றாள் தையலக்கா.

காப்பகத்தில் கொடுத்தனுப்பிய கூடையை வீட்டில் திறந்ததும் நாய் நேராக வெட்டுமேசைக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. குரைப்பு அதோடு நின்றுபோயிற்று. ஊரைக் கூட்டும் குரலை நம்பித்தான் அவள் அதைக் கொண்டுவந்திருந்தாள். அதுவோ வாயே திறக்கவில்லை. அவள் மேசைப்பக்கம் ஓர் அடி வைத்தால் மட்டும் அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும், அடுத்த தெருவில் லாரி நின்று உறுமுவதுபோல. இருட்டில் இரண்டு கண்கள் அவள் காலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கத்தரி, டேப், சாக்கட்டி, நாளைக்குக் கொடுக்கவேண்டிய துணி, எல்லாம் மேசைமேல். அவளோ சமையலறையில். சோற்றுத் தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்வாள். திருடனுக்குப் பயந்து நாயைக் கொண்டுவந்தவள் இப்போது நாய்க்குப் பயந்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். அடுத்த வாரம் வாங்க என்று வந்தவர்களையெல்லாம் சன்னல் வழியாகவே திருப்பி அனுப்பினாள். ஒருமுறை, மேசையில் கிடந்த காற்சட்டையை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று தூர நின்று ஸ்கேலால் இழுத்தாள். காற்சட்டையோடு கத்தரியும் வந்து தரையில் விழுந்து கணீரென்றது. நாய் ஓலமிட்டது. எழப் பார்த்து மேசைப் பலகையில் தலை இடித்துக்கொண்டது. பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. காற்சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சம்பவத்துக்குப்பின் குளியலறைத் தாழ்ப்பாளை அவள் போட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே இருந்தபடியே வாளியம்மாவுக்குப் போன் செய்தாள். முடியவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். வாளியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. திருப்பித் தருவதில் தப்பே இல்லை, தன்னால் முடியாததை முடியும் என்று வைத்துக்கொள்வதுதான் தப்பு என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒரு தடவை மட்டும் இதைச் செஞ்சு பாக்குறீங்களா" என்று கேட்டாள்.

"அதைப் பாக்காதீங்க, பேச்சுக் குடுக்காதீங்க. அதுக்கு முதுகைக் காட்டித் தரையில உக்காந்து, உங்க பாட்டுக்கு உங்க வேலையச் செய்யுங்க. மனுஷ மூஞ்சியப் பாத்தாதான் அதுக்குப் பயம். முதுகுன்னா வந்து மோந்து பாக்கும்."

லைன்ல இருக்கீங்களா என்று வாளியம்மா இரண்டுமுறை கேட்டாள். அப்போதுதான், சொந்தப் பேர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணிடம், குளியலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கையைப் பற்றிச் சொன்னாள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எப்படி இருந்தது, உதட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதெல்லாம். சொல்லி முடித்தபோது பல் கிட்டித்தது.

"அப்படின்னா வேணாங்க்கா" என்றாள் வாளியம்மா. "நான் சொன்னதை மறந்துடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வண்டியோட வர்றேன்."

மறுநாள் காலை முழுக்க மேசைக்கு அடியிலிருந்து ஒரே சத்தம்தான் கேட்டது. சளக், சளக் என்று காலை நக்குகிற சத்தம். சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தாள். நக்கும்போதும் கண் மட்டும் வாசல்மேலேயே இருந்தது. வாசலில் யாருமில்லை. தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு. சாயங்காலம் அது அந்தத் தகரக் கூரைக்குக் கீழே போய் மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். அதற்குள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் என்ன என்று நினைத்தாள். காற்சட்டைக்குக் கீழ்மடிப்பும் போடவேண்டியிருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் முன்னறைக்கு வந்து, மேசையிலிருந்து சற்றுத் தள்ளி, எதிர்ச்சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள். முதுகுப்பக்கம் முழுக்கக் காலி. பிடரியில் மயிர் சிலிர்த்துக்கொண்டது. நூல் ஊசிக்காதில் ஏறவே மாட்டேன் என்றது. ஒருவழியாக ஏறி நாலைந்து தையல் போட்டதும் பின்னால் டக்கென்று ஒரு நகச் சத்தம். நின்றது. மறுபடி டக், டக். எழுந்து ஓடிவிடு என்று கால் சொன்னது. ஓடினால் பாய்ந்துவிடும் என்று புத்தி சொன்னது. அடுத்த தையலைப் போட்டாள். சூடான மூச்சு முதுகில், சட்டைக்கு வெளியே, மேலும் கீழுமாக அலைந்தது. பினாயில் வாடை இன்னும் போகவில்லை. ஈரமான ஏதோ ஒன்று முழங்கையைத் தொட்டது. அவள் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

அந்த நேரத்தில் வாசல் பூட்டுக்குள் சாவி நுழைகிற சத்தம் கேட்டது.

யாரும் மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. பூட்டுத் திரும்பியது. கதவு அவளுக்குப் பின்னால் இருந்தது. அன்றைக்குப் போலவே அவளுக்குக் கத்த வரவில்லை. நாய் குரைக்கும் என்று காத்தாள். அது குரைக்கவில்லை. அவள் கைக்கு அடியில் தலையை நுழைத்து, காற்சட்டையைத் தள்ளிக்கொண்டு மடிக்குள் வந்து விழுந்தது. உடம்பு முழுக்க உதறல். அவள் தொடைமேல் வெதுவெதுப்பாக ஈரம் பரவியது. பயத்தில் மூத்திரம் போய்விட்டது அது.

"யார்றா அது? நில்லு அங்கயே. ஓர் அடி எடுத்து வச்சே, கொன்னுடுவேன்."

குரல் சன்னல் கண்ணாடியில் அதிர்ந்தது. அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே கொஞ்சநேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒரு கையால் நாயின் தலையை அழுத்திப் பிடித்திருந்தாள். மறுகையில் ஊசி.

"அக்கா, நான்தான்" என்றது வாசலில் ஒரு மெலிந்த குரல்.

தம்பி. கையிலிருந்த பை விழுந்து உருளைக்கிழங்கு வீடெங்கும் உருண்டது. அக்கா கடையைச் சாத்திவிட்டாள், போனும் எடுக்கவில்லை என்று தெரிந்து, பதறியடித்து வந்திருக்கிறான். உள்ளே வராதே என்றாள். நாய் மேசைக்கு அடியில் திரும்பப் போகும்வரை அவனை வாசற்படியிலேயே உட்கார வைத்தாள். அவன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து நாய்க்குப் பேர் என்ன என்று கேட்டான். சுத்தி என்றாள். "ஆணி அடிக்கவா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்து, இரண்டும் நிற்க வெகுநேரம் ஆனது.

ஆள் வந்தால் மடியில் ஒளிகிற நாயை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், இதைக் கொடுத்துவிடு, நல்ல முரட்டு நாயாக நானே கொண்டுவருகிறேன் என்றான் தம்பி.

"அந்தச் சாவியக் குடுத்துட்டுப் போ" என்றாள்.

அவன் முகம் சுருங்கிப்போனது. உன் நல்லதுக்குத்தானே வைத்திருந்தேன் என்றான். தெரியும் என்றாள். இனிமேல் மணி அடி, நான் வந்து திறக்கிறேன் என்றாள். வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது. உருளைக்கிழங்கைப் பொறுக்கித் தராமலே போனான். ஒரு வாரம் பேசவுமில்லை.

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் மேசைக்கு அடியில் நகங்கள் தரையைப் பிறாண்டின. தையலக்கா வெளியே வந்து கதவைத் தன் பின்னால் சாத்திக்கொண்டாள். எங்கே மனசு மாறிவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. எடுத்துப் போகவேண்டாம் என்றதும் வாளியம்மா சந்தோஷப்பட்டுவிடவில்லை. இது சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், சரியாகாமலே போகலாம், நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு ஒரு கழுத்துப்பட்டையையும் கயிற்றையும் கொடுத்துவிட்டுப் போனாள். வாளியில்லாமல் தையலக்கா அவளைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

எல்லாம் ஒன்றும் உடனே சரியாகிவிடவில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கினால் நாய் படுக்கையறைக்கு ஓடும். அவளுக்குத் தும்மல் வந்தால்கூட அதற்கு உதறும். திருடனைப் போலீஸ் பிடிக்கவில்லை. துணி கொடுக்க வருகிற ஒவ்வோர் ஆணின் கையையும் இதுவாக இருக்குமோ என்று அவள் பார்த்தாள். ஆனால் நாயின் காலில் புண் காய்ந்து, பூனைமயிர்போல் ஏதோ முளைத்தது. தட்டை அவள் கையாலேயே வைத்தாள். பகலில் அவள் தைக்கும்போது அது எழுந்துவந்து கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொள்ளும். தொட விடாது.

ஒருநாள் கறுப்பு நூல் சுத்தமாகத் தீர்ந்துபோயிற்று. வாங்கித்தர அன்று யாரும் வரவில்லை. அவள் கயிற்றை எடுத்தாள். வாசற்படியில் நாய் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. அவளும் நின்றாள். யார் முதலில் இறங்கினார்கள் என்று சொல்வது கஷ்டம். பட்டப்பகல், வெயில், தெருவில் ஆட்கள். இருந்தும் அவள் உள்ளங்கை வியர்த்துக் கயிறு வழுக்கியது. பாதித் தெருவில் பின்னால் காலடி கேட்டது. வேகமாக வருகிற, ஆண்பிள்ளைக் காலடி. நாய் வாலை இடுக்கிக்கொண்டு அவள் காலோடு ஒட்டியது. அவள் ஓடாமல் சுவரோரம் ஒதுங்கித் திரும்பிப் பார்த்தாள். போனைப் பார்த்துக்கொண்டே வந்த ஒருவன், அவர்களைக் கவனிக்காமலே கடந்துபோனான். அவன் முனை திரும்பும்வரை இரண்டுபேரும் அசையவில்லை. பிறகு நாய் சுவரில் எதையோ மோந்து பார்த்தது. அது மோந்து முடிக்கட்டும் என்று அவள் நின்றாள்.

கடைக்காரர் ரொம்ப நாளாயிற்றே என்று சிரித்துக்கொண்டே நூலை எடுத்தார். கீழே பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"கடிக்குமா?"

"தெரியலண்ணே" என்றாள் தையலக்கா. "அங்கயே நின்னுக்கிட்டு, கை நீட்டிக் குடுங்க."