தலைவி படத்துக்கு விழுந்த மாலை

சோம்பேறி என்று சொன்னால் சரண்யாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவள் செய்ததற்கு வேறென்ன பேர் வைப்பது? மரக்காணம் உப்பளப் பெண்கள் சங்கத்தின் லெட்டர்பேடு அவள் பொறுப்பு. மேலே ஒரு பக்கம் சங்கத்து லோகோ, மறுபக்கம் தலைவி கமலாம்பாளின் போட்டோ. உறுப்பினர்கள் எல்லோருடைய போனிலும் திறக்கிற ஃபைல் அது.

"லோகோ, போட்டோ ரெண்டுத்துலயும் யாரும் கை வைக்காத மாதிரி பூட்டிடும்மா" என்று கமலாம்பாள் பொங்கலுக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"அதெல்லாம் எப்பவோ பூட்டிட்டேங்க்கா."

எங்கே பூட்டினாள்? பூட்டினால் ஆளாளுக்குக் காப்பி எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ரோதனை வேண்டாமென்று எல்லோரும் திருத்தலாம் என்றே விட்டிருந்தாள்.

போன வாரம் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்காரர் குழந்தைசாமி இறந்துபோனார். உறுப்பினர் செந்தமிழ், பாவம், நல்ல மனசோடு அந்த ஃபைலிலேயே கண்ணீர் அஞ்சலி தயாரித்தாள். கமலாம்பாள் படத்தின் மேல் குழந்தைசாமி படத்தை வைத்து, மாலை போட்டு, கீழே விளக்கும் ஏற்றி அனுப்பினாள். அப்புறம் அவர் படத்தை மட்டும் எடுத்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று போனை மூடினாள். மாலையும் விளக்கும் அங்கேயே இருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் சரண்யா அதே தாளில் கூட்ட அறிவிப்பை அடித்தாள். எழுத்தை மட்டும் சரிபார்த்து குரூப்பில் போட்டாள்.

எழுத்தை யார் படிக்கிறார்கள்? மாலையும் விளக்கும் போதாதா? பாத்தியில் நின்ற பெண்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டது போட்டபடி விட்டு, காலில் ஒட்டிய சேற்றோடு தலைவி வீட்டுக்கு ஓடினார்கள். முன்னால் பாப்பாத்தி மாரில் அடித்துக்கொண்டு போனாள்.

"எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே அக்கா!"

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கமலாம்பாள் நிமிர்ந்தாள். "எவடி போனது?"

பாப்பாத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆளுக்கு ஆள் கமலாம்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அனுமந்தையிலிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. சாவுச் செய்தி அங்கேயும் போயிருந்தது. கமலாம்பாளின் அம்மா இறங்கினாள். காலில் செருப்பு இல்லை, முடி அவிழ்ந்து கிடந்தது. மகளைப் பார்த்ததும் ஓடிவந்தாள். மீன் நாறும் அந்தக் கைகளைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் கேட்டு சங்க ஆபீஸிலிருந்து ஓடிவந்த சரண்யா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க சரண்யா பூட்டித்தான் வெச்சிருந்தா. அத எவ ஒடச்சது?" பாப்பாத்தி நீட்டிய போனில் மாலையோடு தன் படத்தைப் பார்த்துவிட்டுக் கமலாம்பாள் கேட்டாள்.

கூட்டத்தில் நின்ற செந்தமிழ் அழுதாள். "நாந்தான்க்கா மாலை போட்டேன். ஆனா பூட்டுன்னு எதுவுமே இல்லக்கா."

"பண்றதும் பண்ணிட்டுப் பொய் வேறயா? இனிமே சங்கத்துப் பக்கம் வராத, போ!"

செந்தமிழ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினாள். சரண்யா பேசாமல் நின்றிருந்தால் போதும், தப்பித்திருக்கலாம். சே, அப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அவ பொய் சொல்லலக்கா. நான் பூட்டவே இல்ல."

கமலாம்பாள் திட்டியிருந்தால் தேவலை. நேரே பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பூட்டிட்டேன்னு என் மூஞ்சியப் பார்த்துதானேடி சொன்ன?"

சரண்யா ஆபீஸுக்குத் திரும்பி ஃபைலைத் திறந்தாள். மாலையை எடுத்தாள், விளக்கை எடுத்தாள். லோகோவையும் போட்டோவையும் ஒரே படமாக்கிப் பின்னால் பதித்து, மற்றவர்கள் பார்க்க மட்டும் என்று மாற்றினாள். வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை.

சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். திரையில் கமலாம்பாள் சிரித்துக்கொண்டிருந்தாள். சரண்யாவால் அந்த முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை.