நாரின் பசி

திலீப்பைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் சுடுகாட்டுக்குக் கிளம்பியதும், அவன் தங்கை சுனிதா வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டத் தொடங்கினாள். சாவு வீட்டுத் தண்ணீர் ஆகாது. சாங்கியம் என்று வந்துவிட்டால் அவள் கைக்கு ஓய்வு கிடையாது. குடம், அண்டா, பக்கெட் எல்லாம் காலியாயின. கொல்லையிலிருந்த நீலப் பீப்பாயை அவள் சாய்த்தபோதுதான், சுவரோரமாகக் கிடந்த அவன் மனைவி இந்து எழுந்து ஓடினாள்.

"அதக் கொட்டாத சுனிதா."

"எல்லாத் தண்ணியும் கொட்டணும் அண்ணி. இதுவும் தண்ணிதானே?"

அதற்குள் பாதி சிவப்பாகத் தரையில் ஓடிவிட்டது. இந்து பீப்பாயை நிமிர்த்தினாள். உள்ளே தேங்காய் நார்க் கட்டுகள் வழுவழுவென்று கிடந்தன. அந்த நாரில் ஒட்டி வளரும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் அவர்களுடைய பட்டறைச் சாயத்தைத் தின்று தண்ணீரை வெளுக்க வைத்தன. அக்கம்பக்கத்துக் கிணறுகள் சிவந்து, பாலகாட் ஊர்ச் சனம் திரண்டு வந்து பட்டறையைப் பூட்டிய பிறகு, திலீப் மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டி வளர்த்தது. அதைக் காட்டித்தான் பூட்டைத் திறக்க வைத்தான். அது செத்தால் பட்டறையும் போச்சு, சோறும் போச்சு.

மாமியார் பார்வதம்மா பின்வாசலில் வந்து நின்றாள். "எம் புள்ள இன்னும் சுடுகாடு போய்ச் சேரல. உனுக்கு இந்த நாத்தம் புடிச்சது பெருசாப் போச்சா?"

"பட்டினி கெடக்குது அத்தே. அவரு ஆஸ்பத்திரிக்குப் போனதுலருந்து யாரும் ஒண்ணும் போடல."

சொன்ன பிறகு இந்துவுக்கு வெட்கமாக இருந்தது. புருஷனுக்காக வாய்விட்டு அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பார்வதம்மா உள்ளே போனாள். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு நேசமணி கொண்டுவந்து வைத்த இட்லியை அவளும் தொட்டிருக்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் வெல்லக் கட்டி இருந்தது.

"தான் காப்பி குடிக்காம இதுக்குத்தான் மொதல்ல கரைச்சி ஊத்துவான். பாத்துக்கினுதான் இருந்தேன். எம்மாம் போடுவான்?"

இந்து வெல்லத்தை வாங்கிக்கொண்டாள். குறைந்தால் சாகும், கூடினால் அழுகும் என்று அவன் சொல்லியிருக்கிறான். பக்கத்தில் நின்று வேறு என்னென்னவோ பேசியிருக்கிறாள். அளவை மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியல அத்தே."

சுனிதா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தாள். இந்து கட்டியின் ஒரு மூலையை உடைத்துப் போட்டாள். சற்று நின்று, இன்னும் கொஞ்சம் உடைத்தாள்.