பழகிடும்

1

ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், பழுதுபார்ப்பவர் ஒரு கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இந்தக் கதைக்கு ஆதாரம் அவ்வளவுதான். அந்த மௌனத்துக்குள் நான் கொண்டுபோய்ப் போட்டதுதான் மீதி. நான் கேட்காத பேச்சும் இதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்த அம்மாள் ஒரு சிடுமூஞ்சி. எதைக் கொடுத்தாலும் ஒரு குறை’

நிறுத்திவிட்டேன். பாவம், கதைக்குள் கால் வைக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று.

2

மறுபடியும் தொடங்குகிறேன்.

பழுதுபார்ப்பவர்தான் லென்ஸின் விளிம்பைத் தேய்த்து பிரேமில் பொருத்துபவரும். இருபது வருடக் கை. அந்த அம்மா மூன்றாவது தடவையாகக் கடைக்கு வந்தபோது கவுன்ட்டர் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, ரிட்டர்ன் அம்மா வராங்க. எங்கயாவது ஓடிடுங்க.”

“எங்க ஓடுறது? பின்னாடி பாத்ரூம்தான் இருக்கு.”

சிரிப்பை அடக்குவதற்குள் அம்மா உள்ளே வந்துவிட்டார்.

“தம்பி, தரை மேல எழும்பி வர்ற மாதிரி இருக்குப்பா. கால எங்க வைக்கிறதுன்னே தெரியல.”

“புதுசுல எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும். பழகிடும்.”

கண்ணாடியைத் துடைத்து, காதுக் கம்பியை லேசாக வளைத்துத் திருப்பிக் கொடுத்தார். லென்ஸின் பவரைக் காட்டும் கருவி கை எட்டும் தூரத்தில் இருந்தது. அரை நிமிட வேலை.

(இங்கே ‘அலட்சியக்காரர்’ என்று எழுதி, அடித்து, திரும்ப எழுதி, அடித்திருக்கிறேன். அடுத்து வந்தவருக்கு அவர் பொறுமையாகத்தான் எல்லாம் பார்த்துக் கொடுத்தார். அடுத்து வந்தவருக்குப் பட்டப்பெயர் இல்லை.)

3

இரண்டு வாரம் கழித்து, கம்பி ஒடிந்த கண்ணாடியோடு மகன் வந்தான்.

“அம்மா படியில விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு போச்சு. பார்த்து நடன்னு ஆயிரம் தடவ சொல்லியாச்சு, காதுல வாங்கினாத்தானே.”

இந்தத் தடவை அவர் கண்ணாடியைக் கருவியில் வைத்தார். தடித்த லென்ஸ் வலக் கண்ணுக்கு உரியது. அது இடப் பக்கம் இருந்தது. பிரேம் வட்டமானது என்பதால் எந்த லென்ஸும் எந்தப் பக்கத்திலும் உட்கார்ந்துவிடும். உட்கார வைத்தது அவருடைய கை.

“எப்ப விழுந்தாங்க?”

“செவ்வாக்கிழமை.”

வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, அப்போதுதான் கேட்பவர்போல, “எப்ப விழுந்தாங்க?” என்றார்.

4

முதல் முடிவு: அவர் உண்மையைச் சொல்கிறார். மகன் அவர் சட்டையைப் பிடிக்கிறான். [வேண்டாம். இதில் மகன் சுலபமாகத் தப்பித்துவிடுகிறான்.]

இரண்டாவது முடிவு: ஒன்றும் சொல்லாமல் லென்ஸ்களை இடம் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்.

நடந்தது இரண்டாவதுதான். செவ்வாய்க்கிழமை என்று இரண்டு தடவை சொன்ன அந்த மகன் நான். அவர் லென்ஸைக் கழற்றி மாட்டியதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். துடைக்கிறார் என்று நினைத்தேன்.

அம்மா போன பிறகு, பெரிதாக்கி மாட்ட ஒரு படம் தேடினேன். விழுவதற்கு முந்தைய வாரம் எடுத்த படத்தில் தடித்த லென்ஸ் அம்மாவின் இடக் கண்ணில் இருந்தது. மருத்துவர் கொடுத்த சீட்டைத் தேடி எடுத்தேன். அதிக பவர் வலக் கண்ணுக்கு என்று இருந்தது.

5

அந்தப் பழுதுபார்ப்பவரை என்ன செய்யலாம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களிடமே விடுகிறேன். நான் மூன்று தடவை அந்தக் கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். எந்த வாயால் கேட்பது?

கண்ணாடியை வாங்கிவந்த அன்று, படுத்திருந்த அம்மாவுக்கு அதை மாட்டிவிட்டேன். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இப்பத்தான்டா நல்லா தெரியுது.”

“நான்தான் சொன்னேனேம்மா, பழகிடும்னு. நீதான் கேக்கல.”

அம்மா தெளிந்த கண்ணால் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில்

[இந்த வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நான் எப்படி முடித்தாலும் அது என் பக்கம் சாய்கிறது.]