தையலுக்கு மட்டும் கேரண்டி

பேருந்து நிலையத்தின் பின்வாசலை ஒட்டி ஒரு கடை. பாதிக் கடையில் புருஷன் சாவி வெட்டுகிறான். மீதிப் பாதியில் மனைவி பைகளையும் பெட்டிகளையும் பழுது பார்க்கிறாள். அவனுக்குப் பெயர் சாவி. அவளுக்குப் பைக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர்கள் வங்கிக்கும் வாக்குச்சாவடிக்கும் மட்டும்தான்.

பைக்காரியிடம் இரண்டே தீர்ப்பு: தேறும், தேறாது. பையை வாங்குவாள், உள்ளே வெளியே புரட்டுவாள், லைனிங்கைச் சுண்டி இழுப்பாள், சொல்லிவிடுவாள். தேறாது என்றால் தேறாதுதான். தலைகீழாக நின்றாலும் ஊசியை எடுக்க மாட்டாள்.

"பழைய பைக்கு ஏங்க இந்தக் கண்ணீர்? உசுரா போச்சு?" என்பாள்.

சுவரில் அவளே எழுதி மாட்டிய பலகை: தையலுக்கு மட்டும் கேரண்டி. துணிக்கு இல்லை.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் மேசைக்கு மறுபக்கம் உட்கார வேண்டியதாயிற்று.

கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. மாதவிலக்கு நினைத்தால் வரும், வந்தால் போகாது. அதைக் கேட்கத்தான் டாக்டரம்மாவிடம் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பைக்குள் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். எம்.ஆர்.ஐ. பார்த்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"கேன்சர்தாம்மா. ஆனா ரொம்ப ஆரம்பம்," என்றார் டாக்டரம்மா. "கர்ப்பப்பையோட லைனிங்ல இருக்கு. வழக்கமா இதுக்குப் பையை எடுத்துடுவோம்."

கேன்சர் என்றதும் பைக்காரிக்குக் காது அடைத்துப்போனது. பை, லைனிங் என்றதும் திறந்துகொண்டது. தினம் புழங்கும் சொற்கள்.

"லைனிங்ல மட்டுமா? மேல் துணிக்குப் போகலையே?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சதைக்குள்ள போன மாதிரி தெரியல."

"அப்ப எதுக்குப் பையையே எடுக்கணும்? லைனிங்கை மட்டும் சரி பண்ண முடியாதா?"

"பண்ணிப் பாக்கலாம். உங்களுக்குப் பிள்ளை வேணும்கிறதால சொல்றேன். ஒரு ஹார்மோன் லைனிங்கை வளக்கும். இன்னொண்ணு அதை அடக்கும். உங்க உடம்புல அடக்கறது பத்தல. அதை மாத்திரையா குடுப்போம். நிறைய பேருக்கு மறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை சுரண்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும். மறைஞ்சாலும் திரும்பி வரலாம். அதனால மறைஞ்ச உடனே தள்ளிப் போடாம பிள்ளைக்கு முயற்சி பண்ணணும். அதெல்லாம் முடிஞ்சப்புறம் பையை எடுத்துடறது நல்லது."

"தேறுமா, தேறாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஆபரேஷன்னா பெரும்பாலும் அதோட முடிஞ்சுடும். மாத்திரைன்னா, பாக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

வெளியே வந்ததும் சாவியிடம் முறையிட்டாள். "பாக்கலாமாம். இப்படிப் பதில் சொன்னா நான் கடை நடத்த முடியுமா?"

சாவி அதிகம் பேசாதவன். பேருந்து ஏறும்வரை யோசித்துவிட்டுச் சொன்னான். "பிள்ளை இல்லன்னாலும் கடை திறக்கும். நீ இல்லன்னா திறக்காது. மத்தது உன் இஷ்டம்."

அவளுக்குப் பிள்ளை வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பசிக்குக் காரணமா சொல்ல முடியும்? மாத்திரை என்று முடிவு செய்தாள்.

அவளுடைய அக்கா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். போகிறாயா இல்லையா, சீக்கிரம் சொல்லு, பின்னால் ஆள் நிற்கிறது: வேலையும் சுபாவமும் அதுதான். சேதி கேட்ட மறுநாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜிப் பல்லிளித்துக் கிடந்தது.

"இதுக்கு ஜிப் மாத்து."

"எங்க போற?"

"நான் போகல. நீ ஆபரேஷனுக்குப் போறப்ப துணிமணி வைக்க."

"நான் மாத்திரை சாப்பிடப் போறேன்க்கா."

"கேன்சருக்கு மாத்திரையா? தலைவலியாடீ உனக்கு?" அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பழைய பைக்கு ஏங்க கண்ணீர்னு ஊரையே கேட்டவ நீ. உன் பைன்னதும் பலகையைத் திருப்பி வெச்சுட்டியா?"

பைக்காரிக்குச் சுருக்கென்றது. சாவிதான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "பையச் சென்றால் வையம் தாங்கும்னு சொல்லுவாங்கக்கா," என்றான்.

"நீங்க பைய பையன்னே பேசிக்கிட்டு இருங்க மாப்பிள்ளை. அது அதுபாட்டுக்கு உள்ள வளந்துக்கிட்டு இருக்கும்."

பேரம் நடந்தது. கடைசியில் பைக்காரி ஒத்துக்கொண்டாள். இரண்டாவது சுரண்டலிலும் கேன்சர் இருந்தால் அவளே போய் ஆபரேஷனுக்குப் படுத்துவிடுவாள்.

"மாப்பிள்ளை சாட்சி," என்றாள் அக்கா. பெட்டியை விட்டுவிட்டுப் போனாள். பைக்காரி அதைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தாள். ஜிப் மாற்றுவது அவளுக்குக் கண்ணை மூடித் திறக்கும் வேலை. தொடவில்லை.

மாத்திரை தன் வேலையைக் காட்டியது. முதல் வேலை பசி. சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதே அடுத்த வேளை ஞாபகம் வந்தது. டாக்டரம்மாவோ எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தார். எடை குறைந்தால் மருந்து நன்றாகப் பிடிக்குமாம்.

"பசிக்க வெக்கறதும் அவங்க, திங்காதேங்கறதும் அவங்க," என்றாள் வெள்ளரிக்காயைக் கடித்தபடி.

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டின்னு சும்மாவா சொன்னாங்க," என்றான் சாவி. அவனும் வெள்ளரிக்காய்தான் கடித்தான். மனைவி பார்க்காதபோது பிஸ்கட். சாவி வெட்டும் சத்தத்தில் காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்காது என்பது அவன் நம்பிக்கை.

முகம் உப்பியது. இடுப்பில் சதை விழுந்தது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் தைக்கக் கொடுத்த ஒரு வாடிக்கைக்காரி மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புன்னகைத்தாள்.

"எத்தனை மாசம்?"

"ரெண்டு," என்றாள் பைக்காரி. அத்தனை மாதமாகத்தான் மாத்திரை சாப்பிடுகிறாள். பொய் இல்லை.

"ரெண்டுலயே இவ்வளவு வயிறா? ரெட்டையா இருக்கும்."

அவள் போனபின் பைக்காரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். சாவி வந்து தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்தபோதுதான் கன்னம் ஈரமாக இருப்பது தெரிந்தது.

முதல் சுரண்டல் வந்தது. "குறைஞ்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "போகல. பயப்படற மாதிரி இல்ல. தொடரலாம்."

அக்கா அன்று மதியமே வந்துவிட்டாள். பெட்டியைத் தேடி அண்ணாந்து பார்த்தாள். "இன்னும் ஜிப் போடலையா?"

"வேலை ஜாஸ்திக்கா."

"அடியே, எனக்கு ஒரே தங்கச்சி." அக்காவின் குரல் டிக்கெட் கவுண்ட்டரில் கேட்காத குரல். "பிள்ளையை நான் இன்னும் கண்ணால பாக்கல. உன்னைப் பாத்திருக்கேன். எனக்கு நீதான் கணக்கு."

அக்கா போனாள்.

சாயங்காலம் ஒரு பெரியவர் தோல் பை ஒன்றைக் கொண்டுவந்தார். கைப்பிடி அறுந்திருந்தது. லைனிங் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பைக்காரி உள்ளே வெளியே புரட்டினாள். தேறாது. குருடரும் சொல்லிவிடுவார். வாய் திறந்தாள்.

"வெச்சுட்டுப் போங்க," என்றாள். "பாக்கலாம்."

பக்கத்தில் சாவி வெட்டும் சத்தம் நின்றது.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல," என்றான் சாவி. சத்தம் மறுபடி தொடங்கியது.

பெரியவரின் லைனிங்கை முழுக்கப் பிரித்தாள். உள்ளே தோல் கெட்டியாக இருந்தது. வேறு துணி வெட்டி, ஓரம் மடித்து, இழை இழையாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு வாரம் இழுத்தது. அவள் கை இவ்வளவு மெதுவாக எந்த வேலையையும் செய்ததில்லை. பெரியவர் வந்து வாங்கிப் பார்த்தார். கேரண்டி உண்டா என்றார். பலகையைக் காட்டினாள்.

இரண்டாவது சுரண்டலின் முடிவு வரும் நாள், சாவி கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தான். ஊருக்கெல்லாம் சாவி வெட்டுகிறவன் தன் கடைச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். பாதி வழியில் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

டாக்டரம்மா தாளைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பைக்காரிக்கு அந்த நேரத்தில் ஒன்று புரிந்தது. தான் பையைப் புரட்டும்போது எதிரே நிற்கிறவர்கள் ஏன் மூச்சு விடுவதில்லை என்று.

"இந்தத் தடவை கேன்சர் இல்லம்மா. லைனிங் சுத்தமா இருக்கு."

சாவி எழுந்து நின்றான். ஏன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"தேறிடுச்சா?" என்றாள் பைக்காரி.

"இப்போதைக்குத் தேறிடுச்சு."

"கேரண்டி?"

"அது கிடையாது. தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கணும். குழந்தைப்பேறு டாக்டருக்கு எழுதித் தரேன். இந்த வாரமே போய்ப் பாருங்க. காலம் கடத்தாதீங்க."

"சரி," என்றாள் பைக்காரி. "துணிக்கு நானும் குடுக்கறதில்ல."

மதியம் அக்கா ஓடிவந்தாள். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று கிடந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்தாள், சேதி தெரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். பிறகு பார்த்தாள்: பெட்டி அலமாரியிலிருந்து இறங்கியிருந்தது. பைக்காரி புது ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்குடீ அது?"

"எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தானே வேணும். முதல்ல பெத்துக்க. அப்புறம் பையை எடுத்துக்க. ரெண்டுக்கும் ஒரே பெட்டி போதும்."

"முதல்ல சொன்னது நடக்கலைன்னா?"

பைக்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பாக்கலாம்."

அக்கா பெட்டியைத் தன் பக்கம் இழுத்து ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இந்த இடத்துல சிக்குது."

"புதுசு, அப்படித்தான் இருக்கும். மெழுகு தேய்க்கணும். குடு இங்க."