கைக்கு வந்த ஒன்பது ஆடுகள்

தம்பி தீவனத்தை வெளியே விற்கிறான் என்று அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் நினைத்துக்கொண்டாள். நினைப்பு வந்த பிறகு பட்டியில் நின்ற ஒவ்வொரு ஆடும் இளைத்துத் தெரிந்தது.

ஒழுங்காகத் தீனி தின்றிருந்தால் இந்த வயதில் சராசரி முப்பது கிலோ இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். இருநூறு ஆடுகளையும் நிறுக்க ஒரு நாள் போதாது. ஒன்பதை நிறுத்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். எடை குறைந்தால் தம்பி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். காலையிலேயே தீவன அறைச் சாவியை அவனிடமிருந்து வாங்கிவிட்டாள்.

"நான் பிடிச்சுத் தரேன்க்கா."

"நீ தொடாதே. கொழுத்ததாப் பார்த்து நீட்டுவே."

"அப்ப நீயே பிடி. உன்னை முட்டினா என்னைச் சொல்லாதே." அவன் வேலியில் ஏறிக் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அந்த நிதானமே அவளை உறுத்தியது.

கைக்கு வந்ததையெல்லாம் பிடித்தாள். பருத்தது எதுவும் பக்கத்தில் வந்தால், இது அவன் பழக்கிவைத்தது என்று விரட்டினாள். நிறுத்த ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புச் சாயம் இட்டாள். சராசரி இருபத்தாறு.

"இதுக்கு என்ன சொல்றே?"

தம்பி கால் ஆட்டுவதை விட்டான். பிறகு, "திருடன் வீட்டு ஆட்டுக்கும் பசிக்கும். சாவி உங்கிட்டதானே இருக்கு, போய்த் தீனி போடு" என்றான்.

அவள் தொட்டியில் கொட்டினாள். மந்தை இடித்துக்கொண்டு வந்தது. முன்வரிசையில் ஒரு சிவப்பு முதுகுகூட இல்லை. ஒன்பதும் பின்னால், மற்றவற்றின் வால்களைப் பார்த்தபடி நின்றன. ஓடத் தெம்பில்லாததுதான் அவள் கைக்கு வந்திருக்கிறது. தெம்பானதை அவளே விரட்டியிருக்கிறாள்.

காலித் தொட்டியை ஆடுகள் நக்கி முடிக்கும்வரை அவள் அசையவில்லை.

பிறகு சாயத்தைத் தூர வைத்துவிட்டு, குறுகலான வழியைத் திறந்து ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டாள். இருபதுக்கு ஒன்றை மட்டும் தராசில் ஏற்றினாள். எது வருகிறதோ அது. பத்து ஆடுகள். சராசரி இருபத்தொன்பது.

மருத்துவருக்குப் போன் செய்தாள்.

"பத்துல இருபத்திரண்டும் இருக்கு, முப்பத்தஞ்சும் இருக்குன்னு சொல்றீங்க. இந்த ஒரு கிலோவை வச்சு யார் மேலயும் பழி போட முடியாதும்மா."

"அப்ப முப்பது சரியா இருக்குன்னு அர்த்தமா?"

"அப்படியும் நான் சொல்லலை."

போனை வைத்துவிட்டுச் சாவியை நீட்டினாள். தம்பி வாங்கவில்லை.

"இருநூறையும் நிறுத்துட்டுக் கொடு."

அது மனம் நொந்தவன் பேச்சா, துணிந்தவன் பேச்சா? அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்றபோதும் இதே முகம்தான். கண்ணாடியை உடைக்காமல் அடி வாங்கியபோதும் இதே முகம்தான்.

"சரி, ஓட்டு" என்றாள்.

அவன் வேலியிலிருந்து குதித்தான். முதல் ஆடு தராசில் ஏறியது. அவள் முள்ளைப் பார்க்கவில்லை. தராசின் ஓரத்தில் இருந்த தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.