ஒரு செகண்டு

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்து கிடக்கிறேன், வாயெல்லாம் செம்மண், எண்ணூறு மீட்டர் ஓடிய மூச்சு திரும்பவில்லை, தலைக்கு மேல் காலேஜ் பி.டி. மிஸ் பிரிசில்லா, கையில் ஸ்டாப்வாட்ச், ரெண்டு நிமிஷம் இருபத்தோரு செகண்டுட்டி, இருபதுல முடிச்சிருந்தா பெங்களூர் கேம்ப்புக்குப் போயிருப்பே, போ, மூஞ்சியக் கழுவு, என்கிறார், எனக்குப் பத்தொன்பது வயது, இல்லை, எழுபத்திரண்டு, பாளையங்கோட்டை முதியோர் இல்லத்தில் அவர் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், தொண்ணூறு வயது மிஸ் நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளையை உறிஞ்சிக்கொண்டே, அன்னைக்கு நீ ஓடுனது ரெண்டு பதினெட்டு, என்கிறார், காப்பி குடிச்சியா என்று கேட்கிற குரலில்.

என்ன மிஸ் சொல்லுதீங்க, என்கிறேன், என்னட்டி முழிக்க, எல்லாப் பிள்ளைகளுக்கும் மூணு செகண்டு கூட்டித்தான சொல்லுவேன், உள்ளதச் சொன்னா மறுநாள் ஆடி அசைஞ்சுல்லா வருவாளுவ, என்கிறார், வாஸ்தவம்தான், சனிக்கிழமை அழுதவள் திங்கட்கிழமை பறப்பாள், அவர் திட்டினால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும், அம்மா கத்தரி படவிடாத என் ஜடையை மிஸ் ஒரு வார்த்தை சொன்னதும் வெட்டிக்கொண்டு வந்து நின்றேன், ஆனால் அந்தச் சனிக்கிழமை அப்பாவோடு எனக்கு ஒரு பேச்சு இருந்தது, கேம்ப்புக்கு எடுத்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார், எடுக்காவிட்டால் நான் வாய் திறக்கக் கூடாது, கயத்தாறில் பஸ்ஸை விட்டு இறங்கி அதே செம்மண்ணோடு வாசலில் நிற்கிறேன், ஒரு செகண்டுப்பா, என்கிறேன், அப்பா என் முகத்தைப் பார்க்காமல், சரிம்மா, அப்ப அவங்கள வரச் சொல்லிருதேன், என்கிறார், மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமையே வந்து பூ வைத்துவிட்டார்கள்.

திங்கக்கிழம உங்கிட்ட உள்ளதச் சொல்லணும்னு கிரவுண்டுலயே நின்னேன், நீ வரல, என்கிறார் மிஸ், ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே மிஸ், என்கிறேன், எழுதினேன், அதுக்குள்ள உன் கல்யாணப் பத்திரிக வந்துட்டு, இனிச் சொல்லி என்னத்துக்குன்னு கிழிச்சுப் போட்டேன், என்கிறார், கல்யாணத்துக்கு வந்தாரே, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு என் தலையில் கைவைத்து நல்லா இரு என்றாரே, அப்போதும் தெரியும் அவருக்கு, ஐம்பத்து மூன்று வருஷமாக அந்த ஒரு செகண்டைச் சொல்லித்தானே எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், ஸ்கூல் டீமில் சேரட்டுமா என்று என் மகள் கேட்டபோது, அதெல்லாம் நம்ம உடம்புக்கு வராது, என்று நானே, என் வாயால்.

மடியிலிருந்து ஆரஞ்சுத் தோல் தரையில் சிதறுகிறது, கோவமாட்டி, என்கிறார், கோபம் இன்னும் வந்து சேரவில்லை, வேறொன்று முந்திக்கொண்டு வருகிறது, இதாவது நெசமா மிஸ், இல்ல நான் சந்தோசப்படட்டும்னு இப்ப மூணு கழிச்சுச் சொல்லுதீங்களா, என்று கேட்கிறேன்.

மிஸ் சுளையின் சக்கையை என் உள்ளங்கையில் துப்புகிறார், என் வீங்கிய முழங்காலைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார், இனிமே நீ எங்கட்டி ஓடப்போறே, என்கிறார், உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லப்போறேன்.