மங்கல் பெட்டி

தேசப்பனை வலைப்படகுல ஏத்தக் கூடாதுனு பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்குற பசியாவரத்துப் பெரியவங்க முடிவு சொல்லி ரெண்டு வருசம் ஓடிப் போச்சு. அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. நடு ஏரியில வலையை இழுத்துக்கினு இருக்கும்போதே வலிப்பு வந்து தண்ணியில விழுந்தவன் அவன். அண்ணன் கருப்பன் குதிச்சுத் தூக்கலைனா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். மெட்ராஸ்ல குடுத்த மாத்திரையெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு முழுங்கிப் பாத்துட்டான். தூக்கம் வந்துச்சு, ஈறு வீங்குச்சு, வலிப்பு மட்டும் போவல.

கருப்பன் தங்கமான ஆளு. தம்பி பங்குனு இறாலும் மீனும் தவறாம வீடு தேடி வரும். தேசப்பனுக்கு அதுதான் பொறுக்கல. முப்பது வயசு ஆம்பள, கையும் காலும் கல்லாட்டம் இருக்குது, கரையில குந்திக்கினு சும்மா வந்த பங்கைத் தின்னா சோறு தொண்டையில எறங்குமா?

எண்பத்தாறாம் வருசம் ஐப்பசியில, வரதன்னு ஒரு டாக்டர் மெட்ராஸ்லேர்ந்து பழவேற்காட்டுக்கு வந்தாரு. மழைக்கால மூட்டத்துல சிலருக்கு வலிப்பு கூடுதோனு அவருக்கு ஒரு சந்தேகம். மருந்துக்கு அடங்காதவங்களை வெளிச்சத்துக்கு முன்னால உக்கார வச்சுப் பாக்கப் போறாராம். பெரியவங்களும் ஒரு வார்த்தை சொன்னாங்க: ஒரு மழைக்காலம் முழுக்க வலிப்பில்லாம போயி, டாக்டரும் சரினு சொன்னா, தேசப்பன் படகேறலாம். அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கு உசுரா இருந்துச்சு.

தினம் விடியக்காலம் ஓடத்துல அக்கரைக்கு வருவான். ஓடத்துலகூட ரெண்டு பேருக்கு நடுவுலதான் அவனைக் குந்த வைப்பாங்க. பழவேற்காட்டுல ரோசி சிஸ்டர் பாத்துக்குற சின்ன ஆஸ்பத்திரியில ரெண்டு மரப்பெட்டி இருந்துச்சு. உள்ள டியூப்லைட்டு, முன்னால பால் கண்ணாடி. ஒண்ணு நடுப்பகல் மணலாட்டம் கண்ணு கூசும். இன்னொண்ணு வெறும் மங்கல். பளீர்னு இருந்தது தேசப்பனுக்கு, மங்கல் பெட்டி பழவேற்காட்டுக் கைருன் பீவி மகள் மெஹருன்னிசாவுக்கு. பாவம் அந்தப் பொண்ணு, வலிப்புல அடுப்பு மேல விழுந்து முழங்கை வரைக்கும் வெந்தவ. "அவங்கவங்க பெட்டி முன்னாலதான் உக்காரணும், மாத்தக் கூடாது"னு சொல்லிட்டு டாக்டர் கெளம்பிட்டாரு.

கார்த்திகை பொறந்துச்சு. தேசப்பனுக்கு வலிப்பே வரல. அந்தப் பொண்ணுக்கோ அதே கதைதான். ஒரு நாள் அவன் கண்ணு முன்னாலயே விழுந்து துடிச்சா. கைருன் பீவி ஓடி வந்து தாங்கிக்கினாங்க. மகள் வாயைத் துடைச்சுட்டு, பளீர்னு இருந்த பெட்டியை ஒரு பார்வை பாத்தாங்க. தேசப்பனுக்குக் கூசிப் போச்சு.

ஏரியில மீன் கூடுற எடத்துக்குப் பாடுனு பேரு. நல்ல பாட்டுல இன்னிக்கு ஒருத்தன் வலை போட்டா நாளைக்கு அடுத்தவன் போடணும். எனக்கே சொந்தம்னு எவனாவது சொன்னா ஊரே காறித் துப்பும். அந்த வழக்கத்துல வளந்தவன் அவன்.

"மெஹரு, நாளையிலேர்ந்து மொறை வச்சுக்கலாம். ஒரு நாளு நீ இங்க, ஒரு நாளு நான்"னு சொன்னான்.

"டாக்டர் திட்டுவாருண்ணா."

"மொறையைப் பத்தி அவருக்கு இன்னா தெரியும்?"

வெளிய ஊசி போட வர்ற கூட்டத்தோட மல்லுக்கட்டவே ரோசி சிஸ்டருக்கு நேரம் சரியா இருந்துச்சு. உள்ள நடந்தது அவங்களுக்குத் தெரியாது.

பொங்கல் கழிச்சு டாக்டர் வந்தாரு. தேசப்பன் மறைக்கவே இல்ல. மறைக்க இன்னா இருக்குது? பெருமையாத்தான் சொன்னான். டாக்டர் தலையில கையை வச்சுக்கினாரு.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க!"

"நல்ல பெட்டியை ஒருத்தனே வச்சுக்கினா பாவம் இல்லையா சார்?"

"அது நல்ல பெட்டினு யார் சொன்னது? அந்த வெளிச்சம் நல்லதா, கெட்டதா, ஒண்ணுமே செய்யாதா, எனக்கே தெரியாதுய்யா! தெரிஞ்சுக்கத்தான் இத்தனையும். இப்ப ரெண்டையும் கலந்துட்டீங்க. உங்களுக்கு வலிப்பு நின்னது எதனாலனு நான் எப்படிச் சொல்ல? உங்க பெரியவங்களுக்கு என்ன பதில் சொல்ல?"

படகு போச்சு. அடப்பாவமே, நியாயம் பண்ணப் போயி இப்படியா ஆவணும்! தேசப்பனுக்குக் கோவம் கோவமா வந்துச்சு. ஆனா அதைவிட ஒண்ணு அவனை உலுக்கிடுச்சு. எனக்குத் தெரியாதுனு ஒரு டாக்டர் வாயால சொல்லி அவன் கேட்டதே இல்ல. இத்தனை நாளா இவரு நல்லதை எனக்குக் குடுத்துட்டு அந்தப் பொண்ணை ஏமாத்துறாருனு மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்தானே!

பொன்னேரி பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தவரை ஓடிப் போய்ப் பிடிச்சான். "அடுத்த மழைக்கு மொதல்லேர்ந்து வைங்க சார்."

"வைக்கலாம். ஆனா எந்தப் பெட்டி யாருக்குனு சீட்டுப் போட்டுத்தான் குடுப்பேன். போன தடவையும் அப்படித்தான், மெட்ராஸ்லயே போட்டுட்டு வந்தேன்."

"சீட்டா? அதை அப்பவே சொல்லக் கூடாதா சார்! பாட்டுல மொத வலை யாருதுனு நாங்களும் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்போம், விழுந்துச்சுனா மறுபேச்சே கெடையாது."

அடுத்த ஐப்பசியில அவங்க எதிர்லயே சீட்டுப் போட்டாரு. தேசப்பனுக்கு மங்கல் பெட்டி விழுந்துச்சு, மெஹருன்னிசாவுக்குப் பளீர்னு இருந்தது. நேராப் போய் அது முன்னால குந்தினான்.

அந்த மழையில மெஹருன்னிசாவுக்கு வலிப்பு கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மாதிரிதான், யாரும் அடிச்சுச் சொல்லல. அதிசயம் இன்னானா, தேசப்பனுக்கும் வரல. மார்கழியும் பாதி ஓடிடுச்சு. கருப்பன் புது வலையே வாங்கிட்டான். "பொங்கல் முடியட்டும்டா, ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம்"னு தம்பி முதுகுல தட்டினான்.

அதுக்கப்புறம் ஒரு விடியக்காலம், ஓடத்துக்குக் காத்துக்கினு இருந்த தேசப்பன் கண்ணைத் திறந்தப்ப மணல்ல கெடந்தான். வாயெல்லாம் ரத்தம், நாக்கு கடிபட்டிருக்குது. சுத்திப் பாத்தான். ஒரு ஈ காக்கா இல்ல. ஏரித் தண்ணியில வாயைக் கொப்புளிச்சா முடிஞ்சு போச்சு, யாருக்குத் தெரியப் போவுது? கொப்புளிக்கவும் செஞ்சான். ஓடம் வந்துச்சு, ஏறிக்கினான்.

ஆஸ்பத்திரியில ரோசி சிஸ்டர் எப்பவும் போல வலிப்புக் கணக்கு நோட்டை விரிச்சு, "ஒண்ணும் இல்லையே தேசப்பா?"னு கேட்டாங்க.

"வந்துச்சு சிஸ்டர். எழுதிக்குங்க."

சிஸ்டர் பேனாவை எடுக்கல. "யாராவது பாத்தாங்களா?"

"யாரும் பாக்கல."

"அப்புறம் ஏம்பா? இன்னும் பத்துப் பதினஞ்சு நாளுதான். உங்க அண்ணன் வலையெல்லாம் வாங்கி..."

"மங்கல்லயும் எனக்கு வலிப்பு நின்னுடுச்சுனு பொய் சொன்னா, அந்தப் பொண்ணுக்கு வெளிச்சம் இன்னா பண்ணுச்சுனு டாக்டருக்கு எப்படித் தெரியும்? போன வருசம் நான் கலக்குனது போதும். எழுதுங்க."

நாக்கை நீட்டிக் காட்டினான். சிஸ்டர் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னான். அப்புறம் சட்டைக் கையால கண்ணைத் துடைச்சுக்கினு, மங்கல் பெட்டி முன்னால போய் உக்காந்தான்.